தச்சுப் பட்டறையின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது?

திருவனந்தபுரம் நகரின் கரமனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நிற்கிறது குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1840-களில் எழுந்த அந்த அரண்மனையின் கூரைத் தாங்கல்களில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசை கட்டிப் பாய்கின்றன. கரமனைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே நாகர்கோவில் சாலையில் போனால், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊர் அது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. தென்னகத்து மரவேலையின் உச்சம் என்று சொல்லத்தக்க இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே, தமிழ் அக்கிரகாரத் தெருக்களோடு குடியிருக்கிறது கரமனை. இங்கே பாட்டு கற்க நினைக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் கிடைப்பார். பரதத்துக்கும், கணினிக்கும், சதுரங்கத்துக்கும் கிடைப்பார். மரவேலை கற்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் எங்கே கூட்டிப்போவது என்று பெற்றோருக்குத் தெரியாது. 'அது ஆசாரிமார் வேலை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தச்சுக்குள் ஒருவர் முதன்முதலாக எப்படி நுழைகிறார் என்ற கேள்வி அந்தப் பதில் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது.

இதுவரை தச்சுக்குள் போக நான்கு வழிகள் இருந்திருக்கின்றன. தச்சர் வீட்டில் பிறப்பது ஒன்று. மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வது இரண்டாவது. பள்ளி, தொழிற்பயிற்சி நிலையம் போன்ற நிறுவனங்கள் மூன்றாவது. வயது வந்தபின் ஆசையால் தானாகவே தொடங்குவது நான்காவது. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எந்த வழியாக வந்தவராயினும் தச்சராக நிலைத்தவர்களுக்கு மூன்று வசதிகள் வாய்த்திருக்கின்றன: உண்மையான வேலை நடக்கும் பட்டறை கண்ணெதிரே இருந்தது, கெட்டுப்போனாலும் பெரிய நட்டம் வராத மரமும் வேலையும் கையில் தரப்பட்டன, தவறு நடந்த அந்த நொடியிலேயே சொல்லித் திருத்த அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்தார். இந்த மூன்றும் பிறப்போடு வந்ததால் பிறப்பே திறமை என்று நாம் நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையின் மேல் சட்டங்களையும் திட்டங்களையும் கட்டிவிட்டோம். வாசல் குறுகியதற்கும், உள்ளே நிற்பவர்கள் குறைந்துகொண்டே வருவதற்கும் அதுவே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிறப்பு என்ற வாசல்

பிறப்பு வழியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்மநாபபுரத்தின் தாய்க்கொட்டாரத்தையும் குதிரமாளிகையையும் எழுப்பியவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழிலைக் கைமாற்றி வந்த விசுவகர்மச் சமூகத்தார். கேரளத் தச்சுமுறையில் ஒரு கோல் என்பது 24 விரல். இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர். வீட்டின் சுற்றளவு தொடங்கி உத்தரத்தின் கனம் வரை அந்தக் கோலிலிருந்தே கணக்கு விரியும். முழக்கோலைக் கையில் பிடித்து விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு மனப்பாடமாக வருவதற்கு முன்பே கைப்பழக்கமாக வந்துவிடும். ஐந்து வயதில் மரச்சீவல் அள்ளிப் போடுவது, எட்டு வயதில் அறுக்கும்போது மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது, பத்து வயதில் உளியைச் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோவது என்று, பாடம் என்ற பெயரே இல்லாமல் பாடம் நடந்தது. பாடப்புத்தகம் எழுதி இதைவிடச் சிறந்த ஒழுங்கை உண்டாக்குவது கடினம்.

அந்த ஒழுங்கில் ரத்த உறவு செய்த வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மானுடவியலாளர் ஜீன் லேவ் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் இளைஞர்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். 1991-இல் எட்டியன் வெங்கருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் தொழிற்கல்வி பற்றிய சிந்தனையையே மாற்றியது. அந்தத் தையற்கடைகளில் புதியவர் முதலில் செய்வது உடுப்பின் கடைசி வேலை: பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. அதன்பின் தையல். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. உடுப்பு உருவாகும் வரிசைக்கு நேர் எதிராகக் கற்கும் வரிசை அமைந்திருக்கிறது. காரணம் எளிது. பொத்தான் தவறினால் பிரித்துத் தைக்கலாம்; வெட்டு தவறினால் துணியே போயிற்று. நம் பட்டறைகளிலும் இதே அறிவுதான் வேலை செய்தது. சிறுவன் கையில் உப்புத்தாள் முதலில் வரும், இழைப்புளி அதற்குப் பின் வரும், தேக்கில் கழுந்து வெட்டும் உரிமை வெகுகாலம் கழித்தே வரும். தொழில் பழகும் வரிசையை நட்டத்தின் அளவு தீர்மானிக்கிறது. இதில் தந்தை மகன் என்ற உறவு இருந்தாக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

பிறப்பு வழியை மிகக் கண்டிப்பாகப் போற்றிய நாடுகளில் ஜப்பானும் ஒன்று. அங்கிருந்தே இதற்கு வலுவான சான்று கிடைக்கிறது. நாரா அருகே உள்ள ஹோர்யூ-ஜி கோயிலைப் பரம்பரையாகப் பராமரித்த தச்சர் குடும்பத்தின் கடைசி மாமேதை சுனேகாசு நிஷியோகா. அவருடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. தொழிலை ஏற்றவர் மிட்சுவோ ஒகாவா. தச்சர் வீட்டுப் பிள்ளை அல்லர். பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூ-ஜியின் கோபுரத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்து, தச்சராக வேண்டும் என்று தேடிப் போனவர். நிஷியோகாவிடம் அவர் முதலில் பெற்ற பாடம் கருவி தீட்டுவது. இழைப்புளியிலிருந்து சுருண்டு வந்த மெல்லிய சீவல் ஒன்றை ஆசான் தந்து, இதுபோல் எடு என்றார்; அந்தச் சீவலைக் கண்முன் வைத்துக்கொண்டு மாணவர் உழைத்தார். 1977-இல் ஒகாவா தொடங்கிய தச்சுக்கூடம் எத்தனையோ இளைஞர்களைக் கோயில் தச்சர்களாக்கியது. நூற்றாண்டுகள் கடந்து வந்த பரம்பரை நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டவர் வெளியார்.

இன்னொரு சான்று நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணிக்காக 1930-களின் இறுதியில் வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. படிப்பால் கட்டடக்கலைஞர். 1942-இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அவர் குடும்பத்தோடு அனுப்பப்பட்டார். அங்கே ஜப்பானிய மரபில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். கழிவுப் பலகைகளையும் பாலைவனப் புதர்க் கட்டைகளையும் கொண்டு அவரோடு வேலை செய்தே மரபுப் பொருத்துகளின் நுட்பத்தை நகாஷிமா கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த மரத்தளவாடக் கலைஞர்களில் ஒருவராக உலகம் அவரைப் பின்னாளில் கொண்டாடியது. வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தார். வீணானாலும் கவலையில்லாத மரம் கிடைத்தது. உண்மையான வேலை கண்ணெதிரே நடந்தது. முள்வேலிக்குள்ளும் இந்த மூன்றும் சேர்ந்தால் தச்சர் உருவாகிறார்.

சட்டமும் திட்டமும் எங்கே நிற்கின்றன

பிறப்பே வாசல் என்ற எண்ணத்தை அரசே கொள்கையாக்க முயன்ற வரலாறு தமிழருக்கு நன்கு தெரியும். 1953-இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியார் இயக்கமும் திராவிட முன்னேற்றக் கழகமும் நடத்திய போராட்டத்தில் அது சரிந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. தச்சர் பிள்ளை தச்சுக்கும் வணிகர் பிள்ளை வணிகத்துக்கும் என்று ஒதுக்குவது கைத்தொழிலுக்குக் கிடைத்த மரியாதை ஆகாது. சாதிக்குக் கிடைத்த அரசு முத்திரைதான் அது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின் நாம் பாதி வேலையை விட்டுவிட்டோம். தச்சர் பிள்ளை பட்டறையை விட்டு வெளியே வர வழி திறந்தது. மற்றவர் பிள்ளை பட்டறைக்குள் போகும் வழியைத் திறக்க எவரும் அதே வேகத்தோடு முயலவில்லை.

இன்றைய சட்டத்திலும் அந்தக் குறை தெரிகிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று தடை வந்தது. வரவேற்க வேண்டிய தடை. ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் கூடவே வந்தது. அதன் விளைவு, பத்து வயதுப் பிள்ளை பட்டறையில் உதவிப் பழகச் சட்டம் தெளிவாகப் பெயர் சொல்லி அனுமதிக்கும் ஒரே வழி தச்சர் வீட்டில் பிறப்பதுதான். பாதுகாப்பான, கூலி இல்லாத, கல்விக்காக மட்டும் நடக்கும் பொதுப் பட்டறை என்ற இடம் சட்டம் எழுதியவர்களின் கண்ணில் படவில்லை.

கைவினைஞர் நலத் திட்டங்களின் கதையும் இதுவே. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டம் தச்சு உட்பட 18 தொழில்களுக்கானது. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் கடன் என்று உதவி தாராளமானது. ஆனால் குடும்ப அடிப்படையிலான பாரம்பரியத் தொழில் செய்வோருக்கே அது என்று வரையறுத்ததால், சாதித் தொழிலை மறுபடி உறுதிப்படுத்துகிறது என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. பதிலுக்குச் சாதி, குடும்ப வரையறை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களுக்குக் கொண்டுவந்தது. அதற்கான குறைந்தபட்ச வயது 35. கொள்கை அளவில் இரண்டாவதே சரியான திசை என்பதில் ஐயமில்லை. எனினும் இரண்டு திட்டங்களும் தொழிலில் ஏற்கெனவே நிற்பவரையே தேடுகின்றன. பதினாறு வயதில் முதன்முறை உளியைப் பிடிக்க விரும்பும் ஒருவருக்கு இரண்டிலும் இடமில்லை. உள்ளே இருப்பவருக்கு உதவுவது கடமை. உள்ளே வருபவர் இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்குப் பின் உதவி பெற ஆளே இருக்காது.

பள்ளி எடுத்த முயற்சிகள்

பள்ளியில் மரவேலையை வைத்தால் என்ன என்ற யோசனைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் முயற்சியால் 1866-இல் கைவேலை மக்கள் பள்ளிகளின் பாடமானது. ஸ்வீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் 1870-களில் தொடங்கிய ஸ்லாய்டு என்ற கைவேலைப் பயிற்சிக்குப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்து போனார்கள். சாலமனின் பாட வரிசையில் முதல் பொருள், கத்தியால் சீவிச் செய்யும் சின்னக் குச்சி ஒன்று. அதிலிருந்து படிப்படியாகக் கரண்டி, பெட்டி, தளவாடம் என்று போகும். மாணவர் செய்வது தொடக்கத்திலிருந்தே முழுமையான, பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. லைபீரியத் தையற்கடையின் அறிவை, அதைப் பார்க்காமலேயே, ஒரு பள்ளி ஆசிரியர் கண்டடைந்திருக்கிறார்: சிறிய மரம், சிறிய நட்டம், உடனடியான நிறைவு.

இந்தியாவில் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவிலேயே வைத்தது. ஜாகிர் உசேன் குழு பரிந்துரைத்த தொழில்களில் தச்சும் இருந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் பள்ளியின் செலவைப் பிள்ளைகளின் உற்பத்தி தாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதோடு ஒட்டிக்கொண்டது. கற்பவரின் கைப்பொருள் சந்தைக்குப் போக வேண்டும் என்றால் மரத்தைக் கெடுக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போகிறது. கெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கற்றல் நடக்காது. ஆதாரக் கல்வி தளர்ந்ததற்கு வேறு பல காரணங்களும் உண்டு. தச்சைப் பொறுத்தவரை இந்த முரண் கவனிக்கத்தக்கது.

இன்றைய நிலையில் தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பாடம் ஓராண்டுக் காலம். எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். வேலைக்கென்றே வருபவருக்கு நல்ல வழி. ஆனால் படிப்பில் பின்தங்கியவர் போகும் இடம் என்ற பார்வை அதன்மேல் படிந்திருப்பதால் ஆர்வத்தால் சேர்பவர் அரிது. கேரளப் பள்ளிகளின் அறிவியல் விழாவோடு நடக்கும் பணி அனுபவ மேளாவில் மரவேலையும் மரச்செதுக்கும் போட்டிகளாக உள்ளன. அங்கேயே உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். ஆண்டுக்கொரு மேடை இருக்கிறது என்பது நல்ல செய்தி. மேடைக்கு முன்னால் பழக இடம் உள்ள பிள்ளை யார் என்று கேட்டால் மறுபடி வீட்டுப் பின்னணிக்கே வந்து சேர்கிறோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர் போன்றோரிடம் பழகலாம் என்கிறது. பத்து நாளில் ஆசை முளைக்கும். அது வேர்விட அடுத்த வாரமும் போக ஓர் இடம் வேண்டும்.

கேரளத்தில் இன்று யார் நுழைகிறார்கள்

கேரளத்துப் பிள்ளைகள் தச்சுக்கு வராததற்குக் கூலியைக் காரணம் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 852.5 ரூபாய், அகில இந்தியச் சராசரி 393.3 ரூபாய். தேர்ந்த தச்சரின் கூலி இதைவிட மேல். ஆனாலும் அந்த இடங்களை நிரப்பியவர்கள் வங்கத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்தவர்கள். கேரளத்தில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் என்று 2013-இல் குலாத்தி நிதி மற்றும் வரிவிதிப்பு ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. இந்த இடப்பெயர்வைப் புகாராகவே பேசிப் பழகிவிட்டோம். இதிலிருந்து கற்கவும் ஒன்று உண்டு. ஊர்க்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக் கையாளாக வரும் இளைஞர், மூத்தவர்களோடு ஒரே இடத்தில் தங்கி, பிளைவுட் தூக்கி, மைகா ஒட்டி, திருகாணி முடுக்கி, சில ஆண்டுகளில் தனியாக அலமாரி பொருத்தும் நிலைக்கு வந்துவிடுகிறார். தச்சர் மரபுக்கு வெளியே பிறந்தவர்களும் அப்படி வருகிறார்கள். இரண்டாவது வாசல் நம் கண்ணெதிரே, நம் வீட்டுச் சமையலறையிலேயே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டுமே அது மூடிக் கிடக்கிறது. மூடியிருப்பது மதிப்பைப் பற்றிய நம் எண்ணம்.

பெண்களுக்கு அது இரட்டைத் தாழ்ப்பாள். தச்சர் வீட்டுப் பெண் பிள்ளைக்கும் பட்டறை கண்ணெதிரே இருந்தது. உளி மட்டும் தரப்படவில்லை. ஏற்றுமானூரில் இயங்கும் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கட்டுமான வேலையும் தச்சும் கற்பித்து வருகிறது. பரம்பரை வாசலில் நுழையவே விடப்படாத ஒரு பாதி மக்கள்தொகை, பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் தொழிலைக் கைக்கொள்கிறது என்பதே பிறப்புக் கொள்கைக்கு எதிரான நேரடிச் சான்று.

தொடக்கம் என்பது கையில் எப்படி நடக்கிறது

நான்காவது வழியில் வருபவர்கள், அதாவது வயது வந்தபின் ஆசையால் தொடங்குபவர்கள், பெரும்பாலும் கடையிலிருந்து தொடங்குகிறார்கள். மின்சார ரம்பம், துளைப்பான், மெருகேற்றும் இயந்திரம் என்று வாங்கிக் குவித்தபின், வெட்டிய விளிம்பு கோணலாக இருக்கக் கண்டு சோர்கிறார்கள். ஒகாவாவின் முதல் பாடத்தை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடையிலிருந்து வரும் புதிய உளி கூர்மையாக இருப்பதில்லை. முதலில் அதன் தட்டையான முதுகை எண்ணெய்க்கல்லில் அழுத்தித் தேய்த்து நுனிப் பகுதி கண்ணாடிபோல் மின்னும்வரை சமன் செய்ய வேண்டும். பிறகு சாய்வு முகத்தைக் கல்லில் பதித்து, ஏறக்குறைய முப்பது பாகைக் கோணம் ஆடாமல், முன்னும் பின்னும் தீட்ட வேண்டும். சற்று நேரத்தில் முதுகுப் பக்கம் விரலால் தடவினால் நுண்ணிய பிசிறு ஒன்று தட்டுப்படும். சாய்வு முகம் நுனிவரை எட்டிவிட்டது என்பதற்கு அந்தப் பிசிறே அடையாளம். முதுகை ஒருமுறை கல்லில் தட்டையாக இழுத்துப் பிசிறை நீக்கி, மென்மரத் துண்டின் குறுக்குவெட்டு முகத்தில் உளியை வைத்துக் கையால் தள்ளினால், நார் நொறுங்காமல் பளபளப்பான ஒரு வெட்டு விழ வேண்டும். அது விழுந்த நாளே தச்சு தொடங்கிய நாள்.

அடுத்த பாடம் மரத்தினுடையது. நார் ஓடும் திசையோடு இழைத்தால் சீவல் சுருளாக வரும்; எதிர்த்திசையில் இழைத்தால் பலகை பிய்ந்து குழி விழும். ஈரக் காலத்தில் பலகை நாருக்குக் குறுக்கே விரியும். நீளத்தில் அநேகமாக மாறாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் திருவனந்தபுரத்தில் மழை வந்தால் கதவு இறுகுவதும் கோடையில் பலகைக்கு நடுவே இடைவெளி தெரிவதும் இதனால்தான். பழைய கதவுகளில் சட்டத்தின் உட்பள்ளத்தில் பலகையை ஆணியடிக்காமல் நழுவவிட்டிருப்பது அந்த விரிவுக்கு இடம் தருவதற்காக. இவற்றைக் காணொளியில் பார்த்தும் அறியலாம் என்பார்கள். பார்த்து அறிவதில் பயன் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் உள்ள தச்சரின் கையையும் இன்று காண முடிகிறது. ஆனால் பிசிறு விரலில் தட்டுப்படுவதையும், நார் எதிர்க்கும்போது இழைப்புளி அதிர்வதையும் திரை தராது. தவறான கோணத்தில் நிற்பவரின் முழங்கையைப் பிடித்து நகர்த்தவும் அதற்குத் தெரியாது.

மறுப்புகள்

இயந்திரம் எல்லாவற்றையும் செய்யும் காலத்தில் கைத்தச்சு எதற்கு என்பது முதல் மறுப்பு. கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம் நூறு யானைகளை ஒரே அச்சில் தரும் என்பது உண்மை. ஆனால் மரத்தைத் தேர்ந்தெடுப்பது, நாரைப் பார்த்து அறுப்பது, கோணலான பழைய சுவரோடு புதிய அலமாரியைப் பொருத்துவது, குதிரமாளிகையின் ஒரு தாங்கலைச் செல் அரித்தால் அதேபோல் இன்னொன்று செய்து வைப்பது ஆகியவை மரத்தை அறிந்த மனிதரின் வேலை. இயந்திரத்தை நன்றாக இயக்குபவரும் கையால் கற்றவரே.

செலவு என்பது இரண்டாவது மறுப்பு. தொடங்குபவருக்குத் தேவையானவை இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஓர் இழைப்புளி, சிறு ரம்பம், மூலைமட்டம், தீட்டுகல் ஆகியவை. மரத்துக்குத் தேக்கும் ஈட்டியும் வேண்டாம். மாமரமும் ரப்பர் மரமும் பட்டறைக் கழிவுத் துண்டுகளும் போதும். கெட்டால் அடுப்புக்குப் போகும் மரத்தில்தான் கை துணிந்து பழகும். ஆபத்து என்பது மூன்றாவது மறுப்பு. அதற்கும் விடை கைக்கருவியிலேயே இருக்கிறது. சுழலும் வாளைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைக்காமல் கடைசியில் வைப்பதும், இரண்டு கையும் எப்போதும் உளியின் நுனிக்குப் பின்னால் இருக்கப் பழக்குவதும், மேற்பார்வை இன்றி வேலை செய்யவிடாததும் சேர்ந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பாதுகாப்பாகக் கற்கலாம். ஸ்லாய்டு பள்ளிகள் கத்தியை முதலில் தந்தே இதை நிறுவின.

நான்காவது மறுப்புதான் கனமானது. இந்த அறிவைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் விசுவகர்மச் சமூகத்தார். சாதிப்படியில் அதற்காகவே கீழே நிறுத்தப்பட்டவர்கள். இப்போது வாசலை எல்லோருக்கும் திறந்தால் அவர்களுடைய கடைசிச் சொத்தும் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகிவிடாதா? இந்த அச்சம் நேர்மையானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். கற்பிப்பவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் ஆசிரியர் என்ற பெயரும் எழுத்தில் தராத எந்தத் திறப்பும் சுரண்டலே. அவற்றைத் தரும் திறப்பு வேறு. வேலை குறைந்த முதிய ஆசாரிக்கு அது வருமானம். அவர் கையிலிருக்கும் நுட்பத்துக்கு அது வாரிசு. ஒரு கழுந்தை ஒழுங்காக வெட்டிப் பார்த்தவர் அதன் விலையைப் பேரம் பேச மாட்டார். தொழிலை உணர்ந்தவர்கள் ஊரில் பெருகினால் தொழிலாளியின் மதிப்பும் கூலியும் உயரும். தன் பிள்ளைகள் விலகிய பின் வாசலை மூடாமல் வெளியாரை ஏற்ற நிஷியோகா தன் மரபை இழக்கவில்லை, காப்பாற்றினார்.

எங்கே திறப்பது

கேரளத்தில் இதற்கான இடத்தைத் தேட வேண்டியதில்லை. 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், பின்னர் மாநிலமெங்கும் ஆயிரக்கணக்கான ஊர் நூலகங்களாக வளர்ந்தது. புத்தகம் வாங்க முடியாதவருக்கும், எந்தச் சாதியில் பிறந்தவருக்கும் எழுத்தின் வாசலைத் திறந்தது அந்த இயக்கம். படிப்பறிவு சில குலங்களின் உடைமையாக இருந்த நாட்டில் அது நடந்தது என்றால், கைத்திறன் சில குலங்களின் சுமையாக நிற்கும் நாட்டில் அதே இயக்கம் இன்னொரு வாசலையும் திறக்க முடியும். ஓர் ஊர் நூலகத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் உறுதியான பட்டறை மேசை ஒன்று, பூட்டி வைத்த கருவிப் பெட்டி ஒன்று, வாரத்தில் இரண்டு மாலை, மதிப்பூதியம் பெறும் மூத்த ஆசாரி ஒருவர், அருகிலுள்ள அறுப்பு மில்லிலிருந்து வரும் கழிவுத் துண்டுகள் என்று வைத்தால் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்று வசதிகளும் அங்கே வந்துவிடும். மாநகராட்சி வார்டு நிதிக்கு இது பெரிய தொகை ஆகாது. இங்கே தொடங்கும் எல்லோரும் தச்சர் ஆக மாட்டார்கள். ஆக வேண்டிய தேவையும் இல்லை. நூலகத்துக்குப் போன எல்லோருமா எழுத்தாளர் ஆனார்கள்? அவர்களில் சிலர் ஆனார்கள். மற்றவர்கள் எழுத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள்.

கரமனையில் நூலகக் குழுக்களிலும், குடியிருப்போர் சங்கங்களிலும், பள்ளிப் பெற்றோர் சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். உங்கள் பகுதியில் ஓய்விலிருக்கும் ஆசாரி யார் என்று விசாரித்து, உரிய ஊதியத்தோடு ஆசிரியராக வரும்படி அழையுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சமமாக இடம் வையுங்கள். மரவேலை கற்க ஆசைப்படும் பிள்ளையிடம் 'அது ஆசாரிமார் வேலை' என்று இனிச் சொல்லாதீர்கள். போக வேண்டிய இடத்தின் முகவரியைச் சொல்லுங்கள்.